ஐஸ்பெட்டியில் பிறந்த சாக்லேட் கம்பெனி

துரை கொடுத்துவிட்டுப் போன ஐஸ்பெட்டி மட்டும் இல்லாவிட்டால் எங்கள் குடும்பம் சாக்லேட் கம்பெனி நடத்தியிருக்காது. என் மாமனார் மலாக்காவில் அலோர் காஜா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் இருபது வருஷத்துக்குமேல் சமையல்காரராக இருந்தார். மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போவது உறுதியானதும் அந்தத் துரை கப்பலேறத் தயாரானார். போகும்முன் பங்களாச் சாமான்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். கணக்கெழுதும் கிராணிக்குச் சுவர்க் கடிகாரம், டிரைவருக்கு இரண்டு கட்டில், தோட்டக்காரருக்கு நாய். ஆள் உயரத்துக்கு வெள்ளைவெளேரென்று நின்ற, மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ்பெட்டி என் மாமனாருக்கு.

காஜா பெராங்கில் எங்களுடையது பலகை வீடு. லாரியிலிருந்து அதை இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. வாசல் நிலையை ஒரு பக்கம் செதுக்கித்தான் உள்ளே நுழைத்தார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. செமாபோக்கிலிருந்து வந்த புது மருமகள். அந்த வீட்டில் என்னைவிடப் புதிதாக ஒன்று வந்ததில் எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அத்தை அதில் இட்லி மாவை வைக்கப் பார்த்தார். மாமா விடவில்லை.

“இட்லி மாவு வைக்கவா துரை கொடுத்தாரு?”

“பின்ன எதுக்கு?”

இரண்டு வாரம் வெறும் தண்ணீர் மட்டும் உள்ளே இருந்து குளிர்ந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில், எல்லாரும் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொன்னார்.

“நாம சாக்லேட் செய்யப் போறோம்.”

என் கணவர் பஸ் கம்பெனியில் டிக்கெட் இன்ஸ்பெக்டர். எதையும் ஒரு தடவை சந்தேகப்பட்டுவிட்டுத்தான் நம்புவார். “சாக்லேட்டா? எதுக்குப்பா?” என்றார்.

“விக்கிறதுக்குத்தான்.”

“வாங்குறது யாரு?” ரசத்தை ஊற்றியபடியே அத்தை கேட்டார்.

“சுதந்திரம் வருது. துரைமாருங்க எல்லாம் போறாங்க. அவங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்ததையெல்லாம் இனிமே யாரு சாப்பிடுறது? நாமதானே சாப்பிடணும்?”

துரை பங்களாவுக்குப் பின்னால் சோதனைக்கென்று பத்துப் பன்னிரண்டு கொக்கோ மரங்கள் நட்டிருந்தார்களாம். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குத் துரையின் மனைவி அந்தக் காயில் சாக்லேட் செய்வாராம். செய்வார் என்றால், காயை உடைப்பதும் கொட்டையை வறுப்பதும் அரைப்பதும் மாமா. ருசி பார்ப்பது அந்த அம்மா. புதிதாக வந்த துரைக்குக் கொக்கோவில் அக்கறை இல்லை. வேண்டுமானால் காய்களை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே பதவிகள் பங்கிடப்பட்டன. மாமா முதலாளி. என் கணவருக்குப் போக்குவரத்து. அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் என் கொழுந்தனுக்கு விளம்பரம். அத்தைக்கு உற்பத்தி, உற்பத்தி என்றால் ஆட்டுக்கல்லில் அரைப்பது என்று அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு ருசி பார்க்கும் வேலை. அப்போது எனக்கு மூன்று மாதம். பச்சைத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி.

“இவ வயித்துல நிக்கிற சாக்லேட்டு எவன் வயித்துலயும் நிக்கும்” என்றார் மாமா.

சாக்லேட் செய்வதற்கு முன்பே கம்பெனிக்குப் பெயர் வைக்கும் சண்டை வந்தது. அத்தை தன் பிறந்த வீட்டுக் குலதெய்வத்தின் பெயர்தான் என்றார். மாமா துரையின் பெயர் என்றார். என் கணவர் இங்கிலீஷில் ஏதாவது கம்பீரமாக இருக்கட்டும் என்றார். மேலுறை அச்சடிக்கும் நாள் வந்தும் முடிவாகாததால், கொழுந்தன் பொறுமையிழந்து ‘சாக்லேட் கம்பெனி, காஜா பெராங்’ என்று மட்டும் கோத்துவிட்டான். மேலே ஒரு படம் வேண்டுமே என்று, அச்சகத்தில் சும்மா கிடந்த ஒரு அச்சுக்கட்டையை வைத்து அடித்தான். எப்போதோ ஒரு குடைக்கடைக்காரர் செய்யச் சொல்லிவிட்டு எடுத்துப்போக வராத கட்டை அது. ஆகவே எங்கள் சாக்லேட் உறையில் ஒரு விரித்த குடை. ஊரில் எல்லாரும் அதைக் குடை சாக்லேட் என்றுதான் சொன்னார்கள்.

முதல் காய்கள் பஸ் கூரையில் ஏறி வந்தன. உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை ஒட்டிய கொட்டைகள். அவற்றைப் பெட்டியில் போட்டு வாழையிலையால் மூடி ஐந்தாறு நாள் புளிக்கவைக்க வேண்டும், பிறகு காயவைத்து வறுக்க வேண்டும், தோல் நீக்கி அரைக்க வேண்டும். அத்தை இரண்டு நாள் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து அரைத்தார். மூன்றாம் நாள் காலை இட்லி காப்பிக் கலரில் வந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்ட என் கணவர் மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எவ்வளவு கழுவியும் கல்லின் குழியிலிருந்து கசப்பு போகவில்லை. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் இட்லியும் சாக்லேட்டும் ஒரே நிறம்.

அரைத்த விழுதில் சர்க்கரையும் டின் பாலும் கலந்து மாமா தட்டில் ஊற்றினார். ஐஸ்பெட்டிக்குள் இருக்கும்வரை அது கல்லுப்போல இருந்தது. வெளியே எடுத்தால் மேலுறையைச் சுற்றி முடிப்பதற்குள் வியர்த்துத் தளர்ந்து கையோடு வந்தது. தெருமுனை மளிகைக் கடையில் கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்தோம். மத்தியானத்துக்குள் இருபது துண்டும் சேர்ந்து ஒரே துண்டாகிவிட்டன. கடைக்காரர் நல்ல மனிதர். திருப்பிக் கொடுக்காமல் கரண்டியால் வழித்து விற்றார்.

“சாக்லேட்டு சரியாத்தான் இருக்கு, மலாக்காதான் சூடா இருக்கு” என்றார் மாமா.

இரண்டாம் தடவை கொட்டை புளித்துக்கொண்டிருந்தபோதுதான் கஸ்டம்ஸ் ஆட்கள் வந்தார்கள். புளிக்கிற கொக்கோவின் வாடை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் நாள் பழம், இரண்டாம் நாள் கள், மூன்றாம் நாள் காடி. எங்கள் தெருவில் யாரோ, பலகை வீட்டில் சம்சு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். ஒரு மலாய் அதிகாரியும் இரண்டு ஆட்களும் காலை பத்து மணிக்கு வாசலில் நின்றார்கள். எங்கள் வீட்டில் பீர் பாட்டில்கூட நுழைந்ததில்லை. அத்தை அடுப்படிப் பக்கம் பின்வாங்கினார். மாமாவோ வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்று நினைத்து உள்ளே அழைத்தார்.

அதிகாரி வாழையிலையை விலக்கினார். சளிபோல வழவழவென்று இருந்த கொட்டைகளைப் பார்த்துவிட்டு அரை அடி பின்னால் நகர்ந்தார்.

“இதைக் குடிப்பீர்களா?” என்று மலாயில் கேட்டார்.

“குடிக்கிறதில்ல, துவான். சாப்பிடுறது” என்று மாமாவும் மலாயிலேயே சொன்னார். இது இன்னும் பெரிய குற்றமாக அதிகாரிக்குத் தோன்றியிருக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

நிலைமை மோசமாவதைப் பார்த்த அத்தை, வந்தவர்களுக்குக் கொடுப்பதுபோல ஐஸ்பெட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினார். முதல் தடவை செய்ததில் மிச்சம் அது. டின் பால் கூடிப்போய், வாய்ச் சூட்டில் பசைபோல ஆகிவிடும். அதிகாரி மரியாதைக்காக வாயில் போட்டார். கடித்தார். மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒட்டிக்கொண்டன. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்களில் முதலில் ஆச்சரியமும் பிறகு கவலையும் வந்தன. கேட்க இன்னும் நிறையக் கேள்விகள் வைத்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. கூட வந்தவர்கள் அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். கடைசியில் அவர் பென்சிலால் ஏதோ எழுதி, தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்.

“என்ன எழுதினாரு?” என்று அத்தை கேட்டார்.

கூட வந்த ஆட்களில் தமிழ் தெரிந்த ஒருவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “சாராயம் இல்ல, என்னன்னு தெரியலன்னு எழுதியிருக்காரு.”

இந்தச் செய்தி தெருவெல்லாம் பரவியது. அதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டு செட்டி அக்கா வேலியோரம் வந்து நின்றார். மலாக்கா செட்டிகள் நம்மைப்போல மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாச் சட்டை, சாரோங் கைலி. அவருக்குத் தெரிந்த தமிழ் பத்து வார்த்தைக்குள் இருக்கும், எனக்குத் தெரிந்த மலாயும் அப்போது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே நாங்கள் வேலியோரம் தினம் ஒரு மணி நேரம் பேசுவோம்.

அவர் ஒரு துண்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கிய இடம் அமுங்கியபடியே இருந்தது.

“மானா போலே கெராஸ்?” என்றார். இப்படிச் செய்தால் எங்கே இறுகும் என்று அர்த்தம்.

அன்று மத்தியானம் மாமா கொக்கோ காய் எடுக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தார். அக்கா எங்கள் அடுப்படிக்குள் வந்தார். பெரிய சட்டியில் தேங்காய்ப்பால், கூலா மலாக்கா என்கிற தென்னைவெல்லம், பூலூட் என்கிற ஒட்டரிசி மாவு. அதற்குள் எங்கள் கொக்கோ விழுது. நானும் அத்தையும் அவரும் மாற்றி மாற்றி நான்கு மணி நேரம் கிண்டினோம். இறக்கி ஆறவைத்து வெட்டினால், கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு கத்தியில் ஒட்டாமல் நின்றது. வெயிலில் ஒரு துண்டை வைத்துப் பார்த்தோம். வியர்த்தது, ஆனால் ஓடவில்லை. நான் ஒன்று சாப்பிட்டேன். வாந்தி வரவில்லை. இன்னொன்று சாப்பிட்டேன். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நின்னிருச்சா?” என்றார். நின்றுவிட்டது. கர்ப்பமான நாளிலிருந்து என் வயிற்றில் தங்கிய முதல் பண்டம் அதுதான்.

மாலையில் மாமா வந்து ருசி பார்த்தார். வெகுநேரம் மென்றார்.

“இது டோடோல்” என்றார்.

அது டோடோல்தான். மலாய்க்காரர்கள் பெருநாளுக்குக் கிண்டுவார்களே, நம் அல்வாவுக்கு அண்ணன் முறை, அதேதான். கொக்கோ போட்ட டோடோல்.

“சாக்லேட் கலந்திருக்குல்ல மாமா” என்றேன்.

“நாய்க்குச் சட்டை போட்டா அது துரையாயிடுமா?”

“விக்குமா விக்காதா, அதச் சொல்லுங்க” என்றார் அத்தை. ஆட்டுக்கல்லில் உட்கார்ந்த இடுப்பு இன்னும் வலித்துக்கொண்டிருந்ததால் அவர் குரலில் அன்று ஒரு கண்டிப்பு இருந்தது.

விற்றது. ஜாடியில் ஒட்டாமல் இருந்தது. கிளேபாங் கடற்கரைப் பக்கத்து டீக்கடைகளில்கூடக் கேட்டு வாங்கினார்கள். உறையில் சாக்லேட் என்று அச்சடித்திருந்ததால் மாமாவும் சாக்லேட் என்றே சொல்லி விற்றார். யாராவது வாயில் போட்டுக்கொண்டு, “டோடோல் மாதிரி இருக்கே” என்றால், “உள்ளூர் சாக்லேட்டு அப்படித்தான் இருக்கும்” என்பார். செட்டி அக்காவையும் கம்பெனியில் சேர்த்துக்கொண்டோம். அவருக்கு என்ன பதவி கொடுப்பது என்று மாமா கேட்டபோது, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நல்ல நாற்காலி போட்டால் போதும் என்றார்.

என் மூத்த மகன் பிறந்து, தவழ்ந்து, நடக்க ஆரம்பித்தபோது சுதந்திரமும் வந்தது. ஊரெல்லாம் கொடியும் தோரணமும். டவுன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். கொண்டாட்டத்தன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாக்லேட் வேண்டும், ஒவ்வொன்றின் மேலும் மலாயில் சுதந்திரத்தைக் குறிக்கும் ‘மெர்டேக்கா’ என்ற சொல் ஆங்கில எழுத்தில் பதிந்திருக்க வேண்டும் என்றார். மாமாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

எழுத்துப் பதிக்க மர அச்சு வேண்டும். டவுனில் பலகாரத்துக்கு அச்சு செதுக்கும் கடைக்கு முதலாளியான ஒரு சீனத் தவுக்கே இருந்தார். மாதிரி எழுதிக்கொடுக்கும் பொறுப்பு என் கொழுந்தனுடையது. எழுத்து விஷயத்தில் அவனுக்குமேல் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. அச்சகத்தில் ஈய எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பித்தான் இருக்கும். அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். எனவே அவன் வெகு கவனமாக, எழுத்துகளைத் திருப்பி எழுதிக் கொடுத்தான். தவுக்கேயும் தொழில் தெரிந்தவர். காகிதத்தில் இருப்பதை அச்சில் திருப்பிச் செதுக்கினால்தான் பண்டத்தில் நேராக வரும் என்று அவருக்குத் தெரியாதா? அவரும் வெகு கவனமாகத் திருப்பிச் செதுக்கினார். இருவரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்ததில் அச்சில் எழுத்து நேராக வந்துவிட்டது.

நாங்கள் மூன்று பெண்களும் காலையிலிருந்து பதித்துக்கொண்டே இருந்தோம். எனக்கு அந்த எழுத்துகள் சரியாகப் பழக்கமில்லை. அத்தைக்கும் அக்காவுக்கும் சுத்தமாகத் தெரியாது. இடையில் கொழுந்தன் வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தான். நாள் பூராவும் திரும்பிய எழுத்தையே படிக்கிறவன் அவன்.

“கச்சிதமா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் என் கணவர் வேலையிலிருந்து வந்தார். யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல் ஒன்றைக் கையில் எடுத்து, எழுத்துக் கூட்டி, நெற்றியைச் சுருக்கினார்.

“அகெட்ரெம். இது எந்த ஊரு? நம்ம ரூட்ல இல்லையே.”

அப்போது எல்லாத் தட்டுகளும் நிறைந்திருந்தன. கொழுந்தன் ஓடிவந்து பார்த்தான். இன்னும் சரியாகத்தான் இருக்கிறது என்று சாதித்தான். என் கணவர் சுவரிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிவந்து காட்டினார். கண்ணாடியில் அழகாக மெர்டேக்கா என்று இருந்தது.

“பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்திரலாம்” என்றான் கொழுந்தன். மாமா அவனை அடிக்கக் கையை ஓங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். புதிதாகக் கிண்ட நேரமில்லை, தேங்காயும் இல்லை. நாளைக் காலையில் நானே நேரில் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்று மாமா சொல்லிவிட்டார்.

மறுநாள் துரை கொடுத்திருந்த பழைய கோட்டை மாட்டிக்கொண்டார். தட்டுகளை ஒரு டிரைஷா சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டு, இன்னொன்றில் அவரும், இடுப்பில் குழந்தையோடு நானும் போனோம். நல்ல வெயில். வழியெல்லாம் மாமா பேசவேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நாட்டுக்கே பெருமையான நாளில் இப்படியொரு தவறு நடந்துவிட்டது, எழுத்து எழுத்தாகத் திரும்பிவிட்டது, என் தலைமுறையில் இப்படி ஒரு வெட்கம் வந்ததில்லை என்று. கேட்கிறபோது எனக்கே அழுகை வந்தது.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் தலைமையாசிரியர் நின்றார். மாமா கைகூப்பி, பாடம் பண்ணியது முழுவதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். தலைமையாசிரியர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தட்டின் மேலிருந்த துணியை நீக்கினார். வெயிலில் ஒரு மணி நேரம் இருந்ததில் துண்டுகள் லேசாகத் தளர்ந்து, மேல்பக்கம் வழவழவென்று கண்ணாடிபோல ஆகியிருந்தது. ஒன்றில்கூட எழுத்து இல்லை.

“எழுத்து எங்க?” என்றார்.

“திருப்பிப் போட்டுட்டோம் சார்.”

“திருப்பி எங்க போட்டீங்க?”

“மேலதான் சார் போட்டோம். திருப்பிப் போட்டோம். இப்ப இல்ல.”

தலைமையாசிரியர் ஒரு துண்டை எடுத்து அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் ஒன்றுமில்லை.

“ஐயா, நான் எழுத்து வேணும்னு சொன்னேன்.”

“ஆமா சார்.”

“நீங்க எழுத்து இல்லாம கொண்டாந்துட்டு, எழுத்து தப்பா இருக்குன்னு மன்னிப்புக் கேக்குறீங்க.”

மாமா என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். குழந்தை ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. அதைப் பார்த்துவிட்ட, முற்றத்தில் வரிசையாக நின்ற பிள்ளைகள் அதற்குமேல் பொறுக்கவில்லை. ஆசிரியர்கள் ஒழுங்குபடுத்துவதற்குள் மூன்று தட்டு காலி. தலைமையாசிரியரும் ஒன்றைச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. டோடோலா?” என்றார். மாமா அன்றைக்கு மட்டும் மறுக்கவில்லை.

கம்பெனி அதற்குப் பிறகும் பத்துப் பன்னிரண்டு வருஷம் நடந்தது. கல்யாண வீடுகளுக்கும் தீபாவளிக்கும் கிண்டிக் கொடுத்தோம். ஆனால் மாமாவின் மனத்தில் அது டோடோல் கம்பெனிதான். அசல் சாக்லேட் ஒன்றாவது செய்துவிட வேண்டும் என்று தனியாக ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் முயன்றுகொண்டே இருந்தார். ஒரு மழைக்காலத்தில் அது கைகூடியது. டின் பால் போடாமல், நாள்கணக்கில் அரைத்து, உடைத்தால் ‘டக்’கென்று சத்தம் வரும்படி ஒரே ஒரு பாளம். எங்களுக்கு விரல் நகம் அளவு கொடுத்தார். வாயில் போட்டுவிட்டு விரலையும் சப்பினோம். மிச்சத்தை மெழுகுக் காகிதத்தில் சுற்றி, இங்கிலாந்திலிருந்த துரையம்மாவுக்குக் கப்பல் தபாலில் அனுப்பினார்.

நாலைந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. என் கணவர்தான் படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். பிறகு, “சாக்லேட்டு ரொம்ப அருமையா இருந்துச்சாம்பா. வீட்டுல எல்லாரும் ஆசையா சாப்பிட்டாங்களாம்” என்றார்.

அன்று ராத்திரி என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். கப்பல் சூட்டில் உருகி உருகி இறுகியதில் மேலே வெள்ளை பூத்திருக்கும்போல. நீங்கள் அனுப்பிய கைச்சோப்புக்கு நன்றி, நுரைதான் கொஞ்சம் குறைவு, ஆனாலும் தினம் உங்களை நினைத்துக்கொண்டு கடைசித் துண்டு வரை தேய்த்துவிட்டேன் என்று அந்த அம்மா எழுதியிருந்தார்.

மாமா அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். அதிலிருந்து எங்களுக்கு வேறொரு வேலை. இங்கிலீஷ் தெரிந்த விருந்தாளி யார் வந்தாலும் கடிதத்துக்கு முதுகு காட்டும் நாற்காலியில்தான் உட்காரவைப்போம். கொழுந்தனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள், இன்ஷூரன்ஸ்காரர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாரும் எங்கள் வீட்டில் எதிர்ப்பக்கத்து வெறும் சுவரைப் பார்த்தபடிதான் காப்பி குடித்திருக்கிறார்கள்.

சில வருஷம் கழித்து ஒரு பொங்கலுக்கு முன்னால் நான் அந்தச் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

“பாத்துத் துடைம்மா. அந்த சோப்புங்கிற எடத்துல கொஞ்சம் பூஞ்சக்காளான் பிடிச்சிருக்கு” என்றார்.

துணி என் கையிலேயே நின்றது.

“இருபது வருஷம் துரை வீட்டுக்கு சோப்பு வாங்கிப் போட்டவன் நான். அந்த ஒரு வார்த்தை கூடவா எனக்குத் தெரியாது?”

“பின்ன ஏன் மாமா மாட்டி வச்சிருக்கீங்க?”

அவர் கடிதத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“அந்தம்மாவுக்கு எப்பவுமே சளி. மூக்கு வேலை செய்யாது. நுரை வராட்டியும் கடைசித் துண்டு வரைக்கும் விடாமத் தேய்ச்சிருக்காங்க பாரு” என்று சொல்லிவிட்டு, ஐஸ்பெட்டிக்கு மண்ணெண்ணெய் ஊற்றப் போனார்.